கப்பல் வரும் முன்பே காலியான தீவுகள்: சாகோஸ் மக்கள் வெளியேற்றம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

இந்தியப் பெருங்கடலின் நடுவே, கன்னியாகுமரியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில் டியேகோ கார்சியா என்ற சாகோஸ் தீவு இருக்கிறது. இன்று அது அமெரிக்காவின் மிக முக்கியமான வெளிநாட்டு ராணுவத் தளங்களில் ஒன்று. அந்தத் தளத்துக்காக 1960களின் இறுதியிலிருந்து 1973 வரை 1,500 முதல் 2,000 பேர் வரை சாகோஸ் தீவுகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். கடைசிக் கப்பல்கள் வந்தபோது செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான் மீதம் இருந்தது. பெரும்பகுதி அதற்கு முன்பே லண்டனிலும் வாஷிங்டனிலும் காகிதத்தில் முடிந்திருந்தது. அந்தக் காகித வேலையை நிதானமாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். இடப்பெயர்வு, நில உரிமை, மறுவாழ்வு ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

தீவினர் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஒரு குடும்பத்தை மட்டும் ஆங்காங்கே தொடர்கிறேன். அவர்கள் பல ஆண்டுகளாக வெளிப்படையாகச் சொல்லிவரும் கதை அது.

பின்னணி

சாகோஸ் என்பது பல பவள வளையங்களில் சிதறிக்கிடக்கும் சிறு தீவுகளின் கூட்டம். 1960களில் மக்கள் வாழ்ந்தது மூன்று இடங்களில்: டியேகோ கார்சியா, பெரோஸ் பன்ஹோஸ், சாலமன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொரீஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சு முதலாளிகள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே தென்னந்தோப்பு போட்டார்கள். 1814இல் தீவுகள் பிரிட்டன் கைக்குப் போயின. அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் கலந்து, தங்களுக்கென ஒரு கிரியோல் மொழியும் மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும் கொண்ட சமூகமாக ஆனார்கள். 1960களில் அங்கே இருந்தவர்களில் பலர் நான்கைந்து தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்தவர்கள்.

வாழ்க்கை தேங்காயைச் சுற்றித்தான். ஆண்கள் மட்டை உரிப்பார்கள், பெண்கள் உடைத்துக் கொப்பரை எடுப்பார்கள். தோட்டத்தை நடத்திய கம்பெனி கூலியாகக் கொடுத்த பணம் சொற்பம். ஆனால் அரிசி, மாவு, எண்ணெய் படியாக வந்தது. வீடு இருந்தது, தோட்டமும் கோழியும் பன்றியும் மீனும் இருந்தன. இதைச் சொர்க்கம் என்று வர்ணிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கங்காணி ஆட்சி நடந்த தோட்டம்தான். இருந்தாலும் வேலையில்லாதவரோ கூரையில்லாதவரோ அங்கே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நிலம், வீடு, கடை, கப்பல் என எல்லாமே கம்பெனியின் கையில் இருந்தன. தீவினரிடம் பட்டா என்று எதுவும் கிடையாது. கம்பெனியை விலைக்கு வாங்கினால் மொத்தத் தீவும் கைக்கு வந்துவிடும்.

1965 முதல் 1967 வரை: எடுத்த முடிவுகள்

காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம். புதிய அரசுகள் தங்கள் மண்ணில் தளம் வைக்க விடமாட்டார்கள் என்ற கவலையில், மக்கள்தொகை குறைந்த தீவுகளை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கக் கடற்படையில் ஒரு யோசனை உருவானது. 1964இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து தீவுகளை அளந்து பார்த்தன. அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது மக்கள் இல்லாத தீவு.

சாகோஸ் அப்போது மொரீஷியஸ் காலனியின் பகுதி. 1965 செப்டம்பரில் மொரீஷியஸ் தலைவர்கள் விடுதலை பற்றிப் பேச லண்டன் வந்திருந்தார்கள். விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் சேர்த்துக் காட்டி அவர்களை இணங்க வைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. 30 லட்சம் பவுண்டு பேசி முடிக்கப்பட்டது. 1965 நவம்பர் 8 அன்று சாகோஸைப் பிரித்து பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்ற புதிய காலனியை உருவாக்கினார்கள். விடுதலைக்கு முன் ஒரு காலனியைத் துண்டாடக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை அடுத்த மாதமே தீர்மானம் போட்டது. பலன் இல்லை.

1966 டிசம்பர் 30 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 50 ஆண்டுகள், வேண்டுமானால் இன்னும் 20. வாடகை கிடையாது என்று வெளியே சொன்னார்கள். ரகசியமாக, போலாரிஸ் ஏவுகணைக்கான ஆய்வுச் செலவில் பிரிட்டன் தர வேண்டிய 1.4 கோடி டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. 1967இல் பிரிட்டன் 6,60,000 பவுண்டு கொடுத்துத் தோட்டக் கம்பெனியின் சொத்துகளை வாங்கியது.

சரி, மக்களை என்ன செய்வது? நிரந்தரக் குடிமக்கள் உள்ள காலனி என்றால் ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவுப்படி பிரிட்டன் அறிக்கை கொடுக்க வேண்டும், அங்குள்ளவர்களின் நலனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீவில் இருப்பவர்கள் யாரும் குடிமக்கள் அல்ல, மொரீஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்துபோகும் தொழிலாளர்கள் என்று சொல்லிவிடுவது.

அதிகாரிகளுக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்கலாமோ என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். 1966 ஆகஸ்டில் ஒரு மூத்த அதிகாரி, கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் இருக்க மாட்டார்கள் என்று எழுதினார். பறவைகளோடு சில ‘டார்ஸன்களும்’ (கதைகளில் வரும் காட்டுமனிதன் டார்ஸன் போன்றவர்கள்) இருக்கிறார்கள், அவர்களை மொரீஷியஸ் தலையில் கட்டிவிடலாம் என்று இன்னொருவர் கீழே குறித்தார். 1970இல் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் எழுதிய குறிப்பில், தீவினர் நிரந்தரக் குடிமக்கள் அல்ல என்ற கற்பனையைத் தொடர்ந்து காப்பது பற்றித் தனித் தலைப்பே இருக்கிறது. கற்பனை என்ற சொல் அவர்களுடையது. தங்கள் பொய்யைத் தாங்களே பெயர் சொல்லிக் கோப்பில் போட்டு வைத்திருந்தார்கள்.

தீவில் தெரிந்தது

இதில் எதையும் தீவினரிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். கப்பல் வருவது குறைந்தது. மாவு, பால், மருந்து போதவில்லை. போனவர்கள் திரும்பி வரவில்லை.

1968 வாக்கில் பெரோஸ் பன்ஹோஸில் ஒரு குடும்பத்தின் சிறு பெண் குழந்தையின் கால்மீது வண்டி ஏறிவிட்டது. தீவில் அதற்கு வைத்தியம் இல்லாததால் தாயும் தந்தையும் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸுக்குக் கப்பலேறினார்கள். குழந்தை பிழைக்கவில்லை. ஊர் திரும்பப் பயணச்சீட்டு கேட்கப் போனபோது, தீவு விற்கப்பட்டுவிட்டது, இனி அங்கே போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உடுத்திய துணியும் ஒரு பயணத்துக்கான சாமான்களுமாக வந்தவர்கள் அவர்கள். வீடு, தட்டுமுட்டு, ஆடு கோழி எல்லாம் தீவிலேயே கிடந்தன. செய்தி கேட்ட கொஞ்ச நாளில் தந்தையைப் பக்கவாதம் தாக்கியது. அப்போது நான்கு வயதாயிருந்த மகன் இந்தக் கதையில் பின்னால் மறுபடி வருகிறார்.

வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியஸ் போய்வருவது தீவினரின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தையே பொறியாக்கினார்கள். யாரையும் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை. திரும்பும் கதவை அடைத்தாலே போதும், ஒவ்வொரு பயணத்துக்கும் தீவில் சிலர் குறைவார்கள். மக்கள்தொகை தானாகக் குறைந்தது போலவும் கணக்கில் பதிவாகும்.

1971 முதல் 1973 வரை: வெளியேற்றம்

1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் டியேகோ கார்சியாவில் இறங்கினார்கள். ஏப்ரலில், அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் பிரதேசத்துக்குள் வரவோ தங்கவோ கூடாது என்று குடிவரவு ஆணை பிறந்தது. பிறந்த ஊரில் இருப்பதே அதன்படி குற்றம். தீவினரில் சிலரையாவது இருக்க விடலாமா என்று அந்த ஆண்டு அமெரிக்கக் கடற்படைத் தளபதியிடம் கேள்வி போனது. கட்டாயம் போயாக வேண்டும் என்று மூன்றே சொற்களில் பதில் வந்தது.

வெளியேற்றத்துக்கு முன் தீவிலிருந்த நாய்களைக் கொன்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள். சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொப்பரை காய வைக்கும் கொட்டகையில் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையைக் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். பிரதேசத்தின் ஆணையர் உத்தரவிட்டு நடந்தது இது. பல பிள்ளைகள் அவற்றைத் தங்கள் வீட்டு நாய்களாக வளர்த்தவர்கள். வளர்த்த பிராணிகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, தங்கினால் தங்களுக்கும் இதுதான் என்று பயந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பயமுறுத்துவதே நோக்கமாக இருந்தது என்று காட்ட ஆவணம் இல்லை. பயந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

1971 அக்டோபருக்குள் டியேகோ கார்சியா காலியானது. நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்கள். ஒரு பயணத்தில் தோட்டத்துக் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் கிடைத்தது. மனிதர்கள் சரக்கறையில் பறவை எச்ச உரத்தின் மேல் படுத்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டிதான் அனுமதி. செஷல்ஸில் கப்பல் மாறக் காத்திருந்த சிலரைச் சிறை அறைகளில் தங்க வைத்தார்கள்.

வடக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பெரோஸ் பன்ஹோஸையும் சாலமனையும்கூட விடவில்லை. 1973 மே மாதம் பெரோஸ் பன்ஹோஸிலிருந்து கடைசி ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். இந்த முடிவுக்கு ராணுவக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. தீவுத் தளத் திட்டத்தை வகுத்த அமெரிக்கக் கடற்படை நிபுணரே 1990களில், வடதீவுகளில் இருந்தவர்களை வெளியேற்ற எந்தத் தேவையும் இருக்கவில்லை என்று எழுதினார். பின்னாளில் அந்த இரு வளையங்களிலும் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் அனுமதிச் சீட்டோடு நங்கூரமிட்டு வாரக்கணக்கில் தங்கின. தளத்தில் சமையலுக்கும் துப்புரவுக்கும் பிலிப்பைன்ஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெளியாட்கள் இருப்பதால் பாதுகாப்புக்குக் குந்தகம் என்ற வாதம் தீவினர் விஷயத்தில் மட்டும்தான் பேசப்பட்டது.

மொரீஷியஸில்

வந்து இறங்கிய இடத்தில் வேலைவாய்ப்பின்மை ஏற்கெனவே கடுமை. தேங்காய் வேலை தவிர வேறு தொழில் தெரியாது, பெரும்பாலோருக்கு எழுத்தும் தெரியாது. கடைசியாக வந்தவர்களில் பலர், வீடு தராவிட்டால் கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று மறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் போர்ட் லூயிஸின் சேரிகளில் ஒதுங்கினார்கள். நாம் தொடரும் குடும்பத்தில் தாய் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

மறுவாழ்வுக்கென பிரிட்டன் 1972இல் மொரீஷியஸ் அரசிடம் 6,50,000 பவுண்டு கொடுத்தது. அது தீவினர் கைக்கு வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் விலைவாசி அதில் பாதியைத் தின்றிருந்தது. கடன் தலைக்கு மேல்.

கைநாட்டு

இந்த நிகழ்வில் நம் ஊரில் வேலை செய்பவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான்.

1975இல் தீவினர் ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். அதைச் சமரசமாக முடிக்க 1979இல் ஒரு வழக்கறிஞர் 12.5 லட்சம் பவுண்டு சலுகையோடு மொரீஷியஸ் வந்தார். பணம் பெறுபவர்கள் இனி தீவுக்குத் திரும்பும் உரிமையைக் கோரமாட்டோம் என்ற ஆங்கிலப் பத்திரத்தில் ஒப்புதல் தர வேண்டும். பலர் கைநாட்டு வைத்துவிட்டார்கள். விஷயம் என்னவென்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பி அது நின்றுபோனது. அப்புறம் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் தூதரகம் முன்னால் ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம். சிலர் கைதானார்கள். ஆண்களுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அதனால் நாங்கள் போனோம் என்று அந்தப் பெண்கள் பின்னாளில் விளக்கினார்கள். அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் 1982இல் எதுவும் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

1982இல் 40 லட்சம் பவுண்டுக்கு உடன்பாடு வந்தது. தலைக்கு 3,000 பவுண்டுக்கும் குறைவு. செஷல்ஸுக்குப் போனவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இந்த முறையும் உரிமை துறப்புப் பத்திரம், கைநாட்டு. அது என்ன பத்திரம் என்று தங்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை என்று பலர் பின்னாளில் சொன்னார்கள். பசியில் இருப்பவர் முன்னால் பணத்தையும் பத்திரத்தையும் ஒன்றாக வைத்தால் அவர் பணத்தைத்தான் பார்ப்பார். 30 ஆண்டுகள் கழித்து, 2012இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1982 உடன்பாட்டோடு விவகாரம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவர்கள் மனுவை ஏற்க மறுத்தது.

நீதிமன்றங்கள்

நான்கு வயதில் மொரீஷியஸ் வந்த அந்த மகன் மின்பணியாளர் ஆனார். 1983இல் சாகோஸ் அகதிகள் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் தொடுத்த வழக்கில் 2000 நவம்பர் 3 அன்று லண்டன் உயர்நீதிமன்றம் 1971 ஆணை செல்லாது என்றது. ஒரு பிரதேசத்தின் மக்களை ஆள அதிகாரம் உண்டு, அகற்ற அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வழக்கை வெல்ல வைத்தவை அரசின் சொந்தக் கோப்புகள். அரசுக் கோப்புகளை 30 ஆண்டுகள் கழித்துத் திறந்துவிடும் விதிப்படி ஆவணக் காப்பகத்துக்கு வந்திருந்த அந்தக் குறிப்புகளைத் தோண்டி எடுத்திருக்காவிட்டால், ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்ற கதையே நின்றிருக்கும்.

அரசு முதலில் தீர்ப்பை ஏற்று, டியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளுக்குத் திரும்ப அனுமதித்தது. ஆனால் கப்பலும் இல்லை, குடிநீரும் இல்லை, நிதியும் இல்லை. 2004 ஜூன் 10 அன்று, நாட்டில் தேர்தல் நடந்துகொண்டிருந்த நாளில், நாடாளுமன்ற விவாதம் இல்லாமல் அரசியின் ஆணையாகத் தடையை மறுபடி கொண்டுவந்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதை ரத்து செய்தன. 2008இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 3-க்கு 2 என்ற கணக்கில் அரசு பக்கம் தீர்த்தது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் இந்த ஆய்வின் முடிவே வேறு.

2010இல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றிய கடலை மாபெரும் கடல் காப்பகமாக அறிவித்தது. பவளப்பாறைகளைக் காப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆண்டு கசிந்த அமெரிக்கத் தூதரகச் செய்தி ஒன்றில், காப்பகம் வந்துவிட்டால் தீவினரின் மறுகுடியேற்றக் கோரிக்கை ஏறத்தாழ முடிந்துவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சொன்னதாகப் பதிவாகியிருந்தது. காப்பகத்தை அறிவித்த விதம் மொரீஷியஸின் உரிமைகளை மதிக்கவில்லை என்று 2015இல் கடல் சட்ட நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் விரைவில் தன் நிர்வாகத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. 13 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. மே மாதம் ஐ.நா. பொதுச்சபை 116-க்கு 6 என்று அதை வழிமொழிந்தது.

இடையில் நம்மவர்கள் அந்தத் தீவில் சிக்கியதையும் குறிப்பிட வேண்டும். 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போக முயன்ற ஈழத் தமிழர்களின் படகு பழுதாகி, அவர்கள் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். குழந்தைகளோடு வேலிக்குள், கூடாரங்களில், மூன்று ஆண்டுகள். அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பிறந்தவர்கள் உள்ளே போக முடியவில்லை, வழிதவறி வந்தவர்கள் வெளியே வர முடியவில்லை. குடிமக்களே இல்லாத இடம் என்று ஒரு முறை சட்டம் எழுதிவிட்டால், அங்கே வந்து சேரும் எவருக்கும் உரிமை என்று ஒன்று இருப்பதில்லை.

இப்போதைய நிலை

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டு குத்தகைக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. தீவினர் நலனுக்கு 4 கோடி பவுண்டு நிதியம். மற்ற தீவுகளில் மொரீஷியஸ் மறுகுடியேற்றம் செய்யலாம். டியேகோ கார்சியாவில் இல்லை. அங்கே பிறந்த இரு மூதாட்டிகள் கையெழுத்தைத் தடுக்க அன்று அதிகாலை இடைக்கால உத்தரவு வாங்கினார்கள். சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது.

தீவினரிடையே ஒரே கருத்து இல்லை. மொரீஷியஸில் இருப்பவர்களில் பலர் இதை வெற்றியாகப் பார்க்கிறார்கள். 2002க்குப் பின் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று லண்டனுக்குத் தெற்கே கிராலி நகரில் குடியேறியவர்களில் பலர் எதிர்க்கிறார்கள். எதிர்ப்பவர்களின் முதல் புகார் ஒன்றுதான்: எங்களை யாரும் கேட்கவில்லை.

என்ன மாற வேண்டும்

1965, 1971, 1982, 2004, 2010, 2025. இந்த ஆறு முடிவுகளில் ஒன்றில்கூடத் தீவினர் ஒரு தரப்பாகக் கையெழுத்திடவில்லை. 1982இல் கைநாட்டு வைத்தது தரப்பு என்ற முறையில் அல்ல, பயனாளி என்ற முறையில். 2025 ஒப்பந்தம் பழைய தவறு ஒன்றைத் திருத்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்த விதத்தில் அது முந்தைய ஐந்தைப் போலத்தான் இருக்கிறது.

களத்தில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களை வேறு மாதிரி செய்யலாம். ஓர் ஊரின் மக்களை அரசுத் தாள்கள் புதிய பெயரில் அழைக்கத் தொடங்கினால், அதாவது குடியிருப்பவர் தற்காலிகத் தொழிலாளராகவோ ஆக்கிரமிப்பாளராகவோ மாறினால், அன்றே பிறப்பு, திருமணம், கல்லறைப் பதிவுகளைத் திரட்டிப் பல இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும். சாகோஸில் அந்த வேலை 30 ஆண்டு தாமதமாகத்தான் தொடங்கியது. உடனடி நிவாரணத்தையும் உரிமை துறப்பையும் ஒரே தாளில் வர விடவே கூடாது. வந்தால், மக்களின் மொழியில் வாசித்துக் காட்டி, தனி வழக்கறிஞர் வைத்து, யோசிக்க நாள் கேட்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் வந்தால், வெளியேற்றப்பட்டவர்களின் திரும்பும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று சூழலியலாளர்களே முதலில் கேட்க வேண்டும்.

சாகோஸைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் அடுத்து வரப்போவது வடதீவுகளின் மறுகுடியேற்றத் திட்டம். யார் திரும்புவது, வீடு எப்படி, மருத்துவமனை எங்கே, 4 கோடி நிதியத்தைச் செலவிடும் குழுவில் யார் இருப்பது என்பதையெல்லாம் மொரீஷியஸ், செஷல்ஸ், பிரிட்டன் மூன்று நாடுகளிலும் உள்ள தீவினர் தேர்ந்தெடுத்த ஆட்கள் முடிவு செய்ய வேண்டும். டியேகோ கார்சியா தளத்தில் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும்போது முதல் உரிமை அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும். அங்குள்ள கல்லறைகளுக்குப் போய்வர தளபதியின் தயவு தேவைப்படாத ஒரு நிரந்தர ஏற்பாடும் வேண்டும். 1971இல் அங்கிருந்து பெட்டியோடு ஏறியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்களில் பலருக்கு வயது அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது.